தூங்கியவளின் ஞாபகம்

எங்கள் வீட்டில் என் ஓரகத்தியின் தூக்கம் ஊரறிந்த விஷயம். கருட சேவை அன்றைக்கு விடியற்காலையில் தெருவே நெருக்கியடித்து நிற்கும்போது, பக்கத்தில் நின்ற முகம் தெரியாத அம்மாளின் தோளில் சாய்ந்து நின்றபடியே தூங்கியவள் அவள். சாமி வந்து போனது அவளுக்குத் தெரியாது. அந்த அம்மாள்தான் பாவம், சாமியைச் சேவிக்க வந்துவிட்டு இவளைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் என் கணவர் நெய்வார், இன்னொன்றில் மூத்தார். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் மூத்தார் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவாள். இரண்டு தள்ளலுக்கு நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள் என்று மூத்தார் சொல்வது புளுகு. ஆனால் கேட்பவர்கள் எல்லாரும் நம்பினார்கள்.

நான் தறியில் உட்காருவதில்லை. வாலாஜாபாத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தினமும் ஸ்கூட்டரில் போய் வருவேன். அந்த வேலைக்காகவும் ஸ்கூட்டருக்காகவும் கல்யாணமான புதிதில் இந்த வீட்டில் நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அதனால் அவை இரண்டும் எனக்கு நகையைவிட உசத்தி.

அன்றைக்கு அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருந்தேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை ரத்தம் எடுத்தேன். சர்க்கரை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நேரே கடைக்குப் போய் ஜிலேபி வாங்கித் தின்றாள். நான் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மதியத்துக்கு மேல் அவளோடு கிளம்பினேன்.

ஐயம்பேட்டை தாண்டி, எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி போய்க்கொண்டிருந்தது. பைக்கில் ஒரு இளைஞன் அதன் இடது பக்கமாக முந்தப் பார்த்தான். ஓரத்தில் ஜல்லி சிந்திக் கிடந்தது. பைக் வழுக்கியது. லாரியின் பின்சக்கரம் செய்ததை எழுத வேண்டாம். அவன் தலையில் போடாமல் பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட் மட்டும் உருண்டு வந்து என் வண்டிக்கு முன்னால் நின்றது. நான் பிரேக் பிடித்ததில் நாங்களும் சாய்ந்தோம். எனக்கு முழங்கை, அக்காவுக்கு முட்டி. தோல் உரிந்ததோடு சரி.

அவன் அப்போது சாகவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை பேசினான். தண்ணீர் கேட்டான். மறுநாள் இறந்துவிட்டான் என்று சேதி வந்தது.

இதில் நான் யாரிடமும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. என் ஞாபகத்தில் மிஞ்சியது ஹெல்மெட், அவன் வாய், 'அக்கா, தண்ணி' என்ற குரல், அப்புறம் மரம் மாதிரி நிற்கிற நான். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் என் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடி இருந்தது. சாகக் கிடப்பவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் ஒரு வாய் தண்ணீர் இல்லை என்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். வைத்துக்கொண்டே நான் கொடுக்கவில்லை. அந்தப் பாட்டிலைக் கழுவக்கூடச் செய்யாமல் குப்பையில் போட்டேன்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். கட்டு முடிவதற்குள் அக்கா பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒருத்தன் உடம்பு நசுங்கியதைப் பார்த்துவிட்டு வந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவளைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். வாய்விட்டுத் திட்டியிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது.

வீட்டில் மாமியார் எங்களை வாசலிலேயே நிற்கவைத்துச் சுற்றிப்போட்டார். பிறகு ஒரு சட்டம் போட்டார். தலையில் அடிபட்டவளைத் தூங்க விடக்கூடாது. "தலையில அடிபடல அத்த, ஹெல்மெட் போட்டிருந்தேன்" என்று நான் சொன்னது எடுபடவில்லை. அதே சட்டம் அக்காவுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். "அவதான் தூங்கிட்டாளே, தூங்குறவள எதுக்கு எழுப்பணும்?" என்றார். விடிய விடிய ஆள் மாற்றி ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. எனக்கோ கண்ணை மூடினால் ஹெல்மெட் உருண்டதால் அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து விசாரிக்க வருகிறவர்கள் வரிசை. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எப்படிம்மா ஆச்சு?" நான் ஆரம்பத்திலிருந்து சொல்வேன். ஜல்லி, லாரி, ஹெல்மெட். ஹெல்மெட் வந்ததும் அழுதுவிடுவேன், அவர்களும் மூக்கைச் சிந்துவார்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் தறியை விட்டு ஆட்கள் எழுந்து வருவார்கள். ஆக, தினமும் படுக்கப் போவதற்கு முன்னால் அந்த விபத்தை ஒருமுறை நடத்திக்காட்டிவிட்டுத்தான் நான் படுப்பேன். தூக்கம் எங்கிருந்து வரும்?

வண்டியைத் தொட முடியவில்லை. சாவியைப் போட்டாலே கை உதறியது. என் கணவர் பழைய வேட்டி ஒன்றை எடுத்து ஸ்கூட்டரை மூடிவைத்தார். பரிசோதனை நிலைய முதலாளி நல்ல மனிதர், கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு போன் செய்து, "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேம்மா, அதுக்கப்புறம் நான் வேற ஆள் போட்டுக்கணும்" என்றார். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்ல இரு" என்று என் கணவர் சொன்னார். அக்கறையில் சொன்னதுதான். அந்தக் குரலில் ஒரு நிம்மதியும் இருந்தது எனக்குக் கேட்டது. அது விபத்தைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

முதலில் மசூதிக்குக் கூட்டிப்போனார்கள். பயந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்தில் வாசலில் நிற்பார்கள். வெளியே வருகிற பெரியவர் ஓதி முகத்தில் ஊதுவார். இடுப்புக் குழந்தைகளுக்கு நடுவில் நானும் நின்றேன். நுண்ணோக்கியில் ரத்த அணு எண்ணுகிறவள், கறுப்புக் கயிற்றுக்குக் கையை நீட்டினேன். அவர் ஊதிய ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம். சின்ன வயசுப் பெண். நான் வழக்கம்போல ஹெல்மெட் வரைக்கும் சொல்லி அழுதேன். அவர் அழவில்லை. தினமும் எவ்வளவு தூங்குகிறேன், எப்போது எழுகிறேன், பகலில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

"நடந்தது மறக்காதுங்க. தூங்கத் தூங்க, நடந்தது அப்படியே இருக்கும், அதுல இருக்கிற சூடு கொறையும். நீங்க தூங்காததால சூடு ஆறாமலே இருக்குது" என்றார்.

"தூங்கினா பயம் உள்ள போய் ஒக்காந்துக்கும்னு சொல்றாங்களே டாக்டர்?"

"அடிபட்ட உடனே தூங்கினா நல்லதா, கொஞ்சம் கழிச்சுத் தூங்கினா நல்லதான்னு எங்களுக்குள்ளயே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. ஆனா நாள் கணக்கா தூங்காம இருக்கிறது நல்லதில்ல. அதுல சந்தேகம் இல்ல." பிறகு இன்னொன்றும் சொன்னார். பயப்படுகிற விஷயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் போக வேண்டும், போய்விட்டு வந்து தூங்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்பதையும் மூளை தூக்கத்தில்தான் மனப்பாடம் செய்கிறதாம். சாயங்காலம் கதை சொல்வதை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் கணவர் இதைச் சொன்னதும் எல்லாருக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. என்னைத் தூங்கவைக்க வேண்டும். அதற்கு அவர்கள் செய்த முதல் காரியம், இரண்டு தறியையும் நிறுத்தியது. கூடத்தில் தறி ஓடினால் நான் எப்படித் தூங்குவேன்? மூத்தார் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார், சத்தம் வைக்காமல் போன் பார்த்தார், டீ குடித்தார், மறுபடி நடந்தார். எதிர்வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணிக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்க்க வியர்க்க நெய்தார். நான் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன்.

நான் இதே பேட்டையில் பிறந்தவள். தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டித்தான் என்னை வளர்த்தார்கள். பரீட்சைக்குப் படித்ததும் தூங்கியதும் அந்தச் சத்தத்தில்தான். சத்தம் நின்றதும், அதுவரை என் காதுக்கு வராத பெரிய ரோடு நேராக வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கோ ஒரு லாரி பிரேக் போடுவது, ஒரு பஸ் ஹாரன், யாரோ ஆக்சிலேட்டரை முறுக்குவது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. எனக்கே காரணம் தெரியாததால், "இன்னும் அமைதியா இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர்களும் மிக்ஸி போடுவதைக்கூட நிறுத்தி அம்மியில் அரைத்தார்கள்.

ஒரு கல்யாணப் புடவைதான் என்னைக் காப்பாற்றியது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, புடவை பாதி தறியில் நிற்கிறது. மூத்தார் என் அறை வாசலில் வந்து நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட்டிக்கட்டுமாம்மா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓட்டுங்க மாமா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொத்தவரங்காய் நறுக்க உட்கார்ந்தேன். கூடத்தில் மிதி அழுந்தியது, அச்சு விழுந்தது, அக்கா நாடாவைத் தள்ளினாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். தரையில் கிடந்தேன். தலைக்குக் கீழே யாரோ துண்டை மடித்து வைத்திருந்தார்கள். கன்னத்தில் இரண்டு கொத்தவரங்காய் ஒட்டிக்கொண்டிருந்தன. அருவாமணையை எடுத்து மேலே வைத்துவிட்டு அக்கா சமையலை முடித்திருந்தாள்.

"என்னைய சொல்லுவியே, கொறட்டை வுட்ட பாரு, தறி சத்தத்தையே அமுக்கிட்ட" என்றாள்.

அதன்பிறகு தறி நிற்கவில்லை. தூக்கம் ஒரேயடியாக வரவில்லை, தவணை முறையில் வந்தது. பகலில் தறிச் சத்தத்தில் கொஞ்சம், அப்புறம் ராத்திரியில் கொஞ்சம். சாயங்காலம் விசாரிக்க வருகிறவர்களை மாமியார் வாசலிலேயே மடக்கி ஹார்லிக்ஸை மட்டும் உள்ளே விட்டார். டாக்டர் சொன்னபடியே, ஹெல்மெட் வருவது நிற்கவில்லை. ஆனால் அது உருண்டு வரும்போது நெஞ்சு முன்னைப்போல அடித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கேட்ட குரல் மட்டும் கொஞ்சமும் ஆறவில்லை. அதை நான் டாக்டரிடமும் சொல்லவில்லையே.

ஒரு நாள் காலையில் அக்கா வண்டி மேல் இருந்த வேட்டியை உருவிக் கொடியில் போட்டாள். "எடு, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றாள். போனோம். திரும்பி வந்ததும், "சாப்ட்டு படு" என்றாள். மறுநாள் கோயில் வரைக்கும். வந்து சாப்பாடு, தூக்கம். அதற்கடுத்து ரயில்வே கேட். டாக்டர் சொன்னதை அவள் ஏதோ கசாயம் மாதிரி எடுத்துக்கொண்டாள். வண்டி ஓட்டுவது மருந்து, தூக்கம் அதன்மேல் குடிக்கிற வெந்நீர். நான் படுத்தேனா என்று தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாள் போன இடம் வரைக்கும் கை உதறாமல் போனது. அங்கிருந்து தள்ளித்தான் பயம் ஆரம்பித்தது. முதல் நாள் தெருமுனையிலேயே இருந்த பயம் ஊருக்கு வெளியே நகர்ந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

மாசக் கடைசி நெருங்கியபோது அந்த இடத்துக்கே போனோம். ஜல்லியை யாரோ கூட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உடம்பு நடுங்கவில்லை, ஆனால் அங்கிருந்து ஒரு அடிகூட முன்னால் போக மாட்டேன் என்று தோன்றியது. இந்த ரோட்டில் தினமும் அவனைத் தாண்டிக்கொண்டு எந்த முகத்தோடு வேலைக்குப் போவது? வண்டியைத் திருப்பினேன்.

"இன்னா திருப்புற? வேலைய வுடப் போறியா?"

அப்போதுதான் சொன்னேன். "அக்கா, அவன் தண்ணி கேட்டான். நான் குடுக்கல. மரம் மாதிரி நின்னுட்டேன்."

அக்கா வண்டியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"யாரு நின்னா? நான்தான்டி மரமா நின்னேன், எனக்குக் கை கால் ஓடல. நீ அவன் தலைய மடியில வச்சுக்கினு நடுரோட்ல ஒக்காந்துக்கினு இருந்த. வண்டிங்கள கத்தி நிறுத்தினது நீ. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண சொல்லி டீக்கடைக்காரர திட்டினது நீ."

"பாட்டில் நெறைய இருந்துச்சுக்கா."

"உன் பாட்டில் உன் பையில, பை வண்டியில மாட்டிக்கினு கெடந்துச்சு. நான் என் பாட்டில நீட்டினேன். குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்க்கா, ஆபரேஷன் பண்ணுவாங்க, வயித்துல தண்ணி இருக்கக்கூடாதுன்னு நீதான் சொன்ன. சொல்லிட்டு உன் ஷால என் தண்ணியில நனைச்சு அவன் ஒதட்ட தொடச்சுவுட்ட. 'தம்பி, ஆஸ்பத்திரியில குடுப்பாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோப்பா'ன்னு சொல்லிக்கினே தொடச்ச."

நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஆதாரம் வேண்டும்; என் தொழில் அப்படி. "அப்ப அந்த ஷால் எங்க?" என்றேன்.

"அத அவன் தலையில சுத்தித்தான ஏத்தி அனுப்பின? நீல ஷால். வூட்ல தேடினியா, கெடச்சுதா?"

தேடினேன். கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் விட்டிருப்பேன் என்று இருந்துவிட்டேன்.

"இத்தன நாளா ஏன்க்கா சொல்லல?"

"நீ ஹெல்மெட் வரைக்கும் சொல்லிட்டு அழுதுருவ. மிச்சத்த சொல்ல வலிக்குதுபோலன்னு நெனச்சேன். என்னைய ஒருத்தர் கேக்கல. தூங்கினவளுக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டாங்க." பிறகு, "ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அவன் உன் கைய வுடல. நான்தான் விரல் விரலா பிரிச்சேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளும் அங்கே இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஹெல்மெட்டுக்காக அழுத அழுகை இல்லை இது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒன்றும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தார். அழ அழ, தொடைமேல் ஒரு பாரம் இருந்தது ஞாபகம் வந்தது. ஈரத் துணி ஞாபகம் வந்தது. அக்கா சொன்னதால் வந்ததா, தானாக வந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எல்லாம் நடந்த அன்றைக்கே தூங்கியவளிடம் அது வரிசை மாறாமல் முழுசாக இருந்தது. விழித்துக் காவல் காத்த என்னிடம் இரண்டு மூன்று துண்டுகள்தான் இருந்தன. அவற்றில் நான் இருந்த துண்டு பொய்.

அவன் கேட்டதை நான் கொடுக்கவில்லை என்பது மாறவில்லை. தெரிந்தேதான் மறுத்தேன். பிழைப்பான் என்று நினைத்து மறுத்தேன். அவன் தாகத்தோடு போனான். இதை இப்போது என்னால் முழுசாகச் சொல்ல முடிகிறது, சொல்லிவிட்டுத் தூங்கவும் முடிகிறது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அவன் பிடித்திருந்தது என் வலது கையா, இடது கையா என்று அக்காவிடம் கேட்க மறந்துவிட்டேன். இனிமேல் கேட்கப்போவதும் இல்லை. அந்த இடம் வரும்போது இரண்டு கைகளாலும் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டிப்போகிறேன்.